பேர் பதிதலும் குரல் பதிதலும்

தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிகளில் எளிதில் அகப்படாத ஒரு பொருள் உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்து முடித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய உழைப்பு சம்பளமாகும். தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைப்பதைப் ‘பேர் பதிவது’ என்றே சொல்வார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, விசாரணைகளைக் கடந்து உரிமை பெற்றவர்களுக்குப் ‘பதிவுப் பிரஜை’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. ஆக, மலையகத்தில் பதிவு என்பது நெடுங்காலமாக இன்னொருவர் கையிலிருந்த பேனா. எவரை எழுதுவது, எவரை விடுவது, எவரை அரையாக எழுதுவது என்பதை அந்தப் பேனா தீர்மானித்தது. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒரு காம்பராவில் குறைந்த செலவில் இசையைப் பதிவுசெய்யும் முயற்சியை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ உள்ள ஒலிக்கூடத்துக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் செய்துகொள்ளும் மாற்று ஏற்பாடு என்று அதைப் பார்ப்பவர்கள் உண்டு. என் வாதம் வேறு. பதிகிற கை தோட்டத்துக் கையாக இருப்பதே அதன் முதல் பெறுமதி. எதற்கு முதலில் செலவழிப்பது, எந்தக் கருவியைத் தெரிவுசெய்வது என்பவையெல்லாம் அதிலிருந்தே பிறக்க வேண்டும்.

மலையகப் பாடல்களைக் காப்பாற்ற யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாழ்ந்த வாழ்க்கையினூடே இந்தப் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1983இல், ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக வந்தது. அந்த நூல் இல்லாவிட்டால் எத்தனையோ பாடல்களின் சொற்கள்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் அதை இன்று கையிலெடுக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாட்டைப் பாட முடியுமா? தாலாட்டின் முதல் இழுவை எவ்வளவு நீளம், கும்மியில் கை எந்த அசையில் விழுகிறது, தெம்மாங்கில் மூச்சு எங்கே வாங்குகிறார்கள், கேலிப் பாட்டில் எந்தச் சொல்லைக் கடித்துப் பேசுவது போலச் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அச்செழுத்து சொல்லாது. தமிழ் எழுத்து சொல்லை எழுதும், மெட்டை எழுதாது. வேலுப்பிள்ளை தம் கையிலிருந்த கருவியால் செய்யக்கூடியதை முழுமையாகவே செய்தார். அந்தக் கருவி பேனாவாக இருந்ததால் பாட்டுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. மிச்ச அரை, ஒலியில் இருக்கிறது.

அந்த மிச்சத்தைப் பதியும் இயந்திரம் நெடுங்காலம் நகரத்திலேயே இருந்தது. கொழும்பில் வானொலி 1925இல் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கருவிகள் கனமானவை, விலை கூடியவை. கலைஞர்தான் அவற்றைத் தேடிப் போக வேண்டும். ஒலிக்கூடத்துக்குள் போகும் பாட்டு அங்குள்ள கடிகாரத்துக்கு உடன்பட வேண்டும், அங்குள்ள அறிவிப்பாளரின் தமிழுக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். சில வகைப் பாடல்கள் அதற்கு இணங்கும். மன்மதன் - ரதி கதையை ஆடும் காமன் கூத்து இணங்காது. மாசியில் கம்பம் ஊன்றியதிலிருந்து தகனம் முடியும் இரவு வரை அது நாள்கணக்கில் தோட்டத்தையே மேடையாக்கி நடப்பது. ரதியாக நிற்பவருக்கு நேர்த்திக்கடன் இருக்கும். பாட்டு மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்குக் கூட்டத்தில் ஒரு கிழவர் இருப்பார். லயம் லயமாகப் போகும்போது தப்பு என்னும் தோல்முரசின் நடை மாறும். அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தோட்டத்தையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இயந்திரம் தோட்டத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு தோட்ட மண்ணில் சாட்சி உண்டு. 1941 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு இருவர் போனார்கள். ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாடல் சேகரித்த ஆலன் லோமாக்ஸ். மற்றவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசையறிஞர் ஜோன் வேர்க். அந்த இளைஞர்தான் பின்னர் உலகறிந்த ப்ளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸ். தன் குரல் இயந்திரத்திலிருந்து திரும்பி வருவதைக் கேட்டபோதுதான் தன்னாலும் பாட முடியும் என்ற உறுதி வந்ததாக அவர் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் தோட்டத்தை விட்டு சிக்காகோவுக்குப் போனார். வீட்டில் நடந்த அந்தப் பதிவு ஒரு மனிதரின் தலையெழுத்தை மட்டும் மாற்றவில்லை. அடுத்த அரை நூற்றாண்டு மேற்கத்திய இசையிலும் அதன் தடம் இருக்கிறது. இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பதிவுகளையொட்டிய ஆய்வின் புகழ் லோமாக்ஸுக்குப் போயிற்று. ஜோன் வேர்க் எழுதிய ஆய்வுப் பிரதி நூலாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவி வீடு தேடி வருவது பாதி நன்மை. அது யாருடையது, பதிவு யாருடைய பேரில் எந்த நூலகத்தில் போய் உட்காருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்தான் மறுபாதி நிறையும்.

வீட்டிலேயே சொந்தக் கருவி வைத்துப் பதிந்தவர்களின் வரலாறு அந்த மறுபாதியைக் காட்டுகிறது. கரும்புத் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரத்து வீட்டுக் கொல்லையில் இசைத் தயாரிப்பாளர் லீ பெரி 1973இல் கட்டிய ஒலிக்கூடத்தில் ஒரே நேரத்தில் நான்கு தடங்கள் பதியும் எளிய நாடாக் கருவிதான் இருந்தது. ரெகே இசையின் போக்கை மாற்றிய ஒலி அங்கிருந்து வந்தது. 1982இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வாடகை வீட்டில் கசெட்டில் பதியும் சிறு கருவியை வைத்து, குழுவினருக்குப் பாட்டைக் காட்டுவதற்காக மட்டும் பதிந்தார். பெரிய ஒலிக்கூடத்தில் அதே பாடல்களை மீண்டும் பதிந்து பார்த்தபோது அந்த உயிர் வராததால் கசெட்டில் இருந்ததையே இசைத்தட்டாக வெளியிட்டார். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டோடு ஒட்டி அமைத்த சிறிய ஒலிக்கூடம்தான் 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறப்பிடம். இம்மூவரின் வசதியும் சூழலும் வேறுவேறு. மூவருக்கும் பொதுவானது ஒன்று: மணிக்கணக்குக்கு வாடகை ஓடவில்லை. தவறிப் பாடவும், மறுநாள் வரவும், இரவு முழுதும் ஒரே அடியைத் தேடவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. வீட்டுப் பதிவில் மிச்சமாவது பணத்தைவிட நேரம்தான். எழுபது வயதில் பாதி மறந்துபோன பாட்டை நினைவிலிருந்து தோண்டியெடுக்கும் ஒரு பாட்டிக்கு அந்த நேரத்தை எந்த வாடகை ஒலிக்கூடமும் தராது.

இனி காசுக் கணக்கு. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மேடைகளில் பலரும் பாடும் எஸ்எம் 58 என்ற டைனமிக் மைக் 1966இலிருந்து விற்பனையில் இருப்பது. அமெரிக்காவிலேயே ஏறத்தாழ 100 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 30,000 ரூபா, 22 முழுப்பேர். இறக்குமதித் தீர்வையும் கடைக்காரர் லாபமும் இதில் சேரவில்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இந்தக் கணக்கு ஒரே ஆண்டில் எப்படிக் கலங்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே கருவிப் பட்டியலோடு தொடங்குவது தோட்டத்து இளைஞரைத் தொடக்கத்திலேயே தோற்கடிக்கும். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அமைதியான நேரம், பிறகு அறை, பிறகு மைக், பிறகு அதைக் கணினியோடு இணைக்கும் சிறு இன்டர்பேஸ், காதை மூடும் ஒரு ஹெட்போன். கணினி பழையதாக இருக்கலாம். மென்பொருளுக்கு ஒரு சதமும் வேண்டியதில்லை, ஓடாசிட்டி இலவசம். பல தடங்களை அடுக்கி வேலை செய்ய விரும்பினால் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, பிறகு 60 டொலருக்கு உரிமம் வாங்கலாம். ஒருவர் தனியாக வாங்குவதைவிட தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனின் ஐந்தாறு இளைஞர்கள் சீட்டுப் பிடித்து வாங்குவது நல்லது. அப்போது கருவி ஒருவரின் சொத்தாகாமல் லயத்தின் சொத்தாகிறது.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தொடங்குவதற்குக் கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். அது பேச்சுக்கான கருவி. தாழ்ந்த குரலைத் தானே உயர்த்தும், உயர்ந்த குரலைத் தானே அமுக்கும், பேச்சல்லாத ஓசையை இரைச்சலென்று எண்ணிக் குறைக்கும். தப்பின் ஓர் அடி விழுந்ததும் பாடுகிறவர் குரல் பள்ளத்தில் விழுந்து எழும்புவது இதனால்தான். ஒப்பாரியின் கடைசியில் மூச்சோடு கலந்து தேயும் அந்த முனகலை இரைச்சல் என்று அழித்துவிடுவதும் இதனால்தான். வட்ஸ்அப்பில் குரற்செய்தியாகப் பதிந்தால் ஒலி இன்னும் நெருக்கிச் சுருக்கப்படும். இந்தத் தானியங்கி வேலைகளை நிறுத்திவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போட்டுக்கொண்டால் அதே கைப்பேசி நம்பத்தக்க கருவியாகிறது. குறை பெரும்பாலும் பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தைத் திருத்தக் காசு வேண்டாம்.

அறை என்று வரும்போது லயக் காம்பராவைப் பற்றி நேராகப் பேச வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறையில் மூன்று தலைமுறை வாழ்வது அநீதி. அதை ஒலியின் பெயரால் அழகுபடுத்துவது பாவம். ஆனாலும் ஒலியியலின் உண்மை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வெறுமையான சிமெந்து மண்டபத்தில் குரல் சுவருக்குச் சுவர் அடிபட்டுக் கலங்கும். மெத்தையும், மூட்டையும், கொடி நிறையத் துணியும் உள்ள காம்பராவில் அந்த எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். முட்டை அட்டைகளை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்பது எங்கும் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும், அட்டைக்கு இரண்டும் இல்லை. அதைவிடப் பயனுள்ளது தோட்டத்தில் தலைமுறைகளாக இருக்கும் கம்பளி. மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்தவர்களின் தோளில் கிடந்த அந்தத் தடித்த கம்பளியைப் பாடுகிறவரின் முதுகுப் பக்கம் தொங்கவிட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் அது இன்னும் தாழ்ந்த சுரங்களையும் உறிஞ்சும்; காற்றின் அசைவு சுவரருகே குறைவாகவும் சற்றுத் தள்ளி அதிகமாகவும் இருப்பதே காரணம். தப்பின் அடிமுழக்கத்தைக் கம்பளியால் அடக்க முடியாது. அதற்கு வழி வேறு.

வெளிச்சத்தம்தான் கடினமான பகுதி. பழைய லயங்களில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். தொலைக்காட்சி, குழந்தை, நாய், மேலே தகரக்கூரை. வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தகரத்தில் விழும் இரைச்சலை எந்த மென்பொருளாலும் குரலைச் சிதைக்காமல் பிரித்தெடுக்க முடியாது. ‘சூழலின் ஒலியும் பதிவின் பகுதியே’ என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. மூன்றாவது அடி குழந்தை அழுகையில் மூழ்கிப்போனால் அந்த அடி போனதுதான். வழி, நாட்காட்டியில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை மழை. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கம் வறட்சி. காமன் ஊன்றும் மாசி அந்த வறண்ட மாதங்களுக்குள்தான் வருகிறது. கூத்துப் பயிற்சியில் தொண்டை பழகி, பாட்டு நினைவில் ஏறி, வானமும் வாயடைத்திருக்கும் அந்த வாரங்களைவிட நல்ல பதிவுக்காலம் கிடைக்காது. நாளுக்குள் என்றால், வேலை முடிந்து சாப்பாடும் முடிந்த இரவு. மின்கம்பியிலிருந்து வரும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் செருகியைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். ஈரப்பதன் மிகுந்த மலையில் கொண்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக் நிலைக்கும். அதையும் உலர்த்தும் பொட்டலம் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். அயல் வீட்டு ஓசைக்கு ஒரே மருந்து, அயல் வீட்டாரிடம் சொல்வது. பத்து வீடும் அரை மணி நேரம் அடங்கியிருக்க ஒப்புக்கொண்டால்தான் ஒரு தாலாட்டு பதிவாகும். அந்த ஒப்புதலே அந்தப் பாட்டு ஒருவருடையதல்ல, ஊருடையது என்பதற்குச் சாட்சி.

மைக்கை வைக்கும் இடத்தில் நுட்பமும் மரியாதையும் ஒன்றாகின்றன. வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’கரத்தில் காற்று வந்து மோதும், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், வாயை நோக்கித் திருப்பி வைத்தால் அது தவிரும். மிக நெருங்கினால் கீழ்ச்சுரம் பருத்துக் குரல் செயற்கையாகிவிடும். இவை எந்தக் கையேட்டிலும் உள்ளவை. கையேட்டில் இல்லாதது, இந்தப் பாடல்கள் கைவேலையோடு பிறந்தவை என்பது. தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே வந்த தாலாட்டும், கொட்டும் கையோடு வந்த கும்மியும், கொழுந்தைக் கிள்ளும் விரலோடு வந்த பாட்டும், கை சும்மா இருந்தால் அடி தவறும். நாற்காலியில் உட்கார வைத்து ‘அசையாமல் பாடுங்கள்’ என்றால் பாட்டி இரண்டாம் அடியில் நின்றுவிடுவார். நினைவில்லை என்று நாம் எழுதிக்கொள்வோம். உண்மையில் நினைவு கையில் இருந்தது. எனவே பழந்துணித் தொட்டிலைக் கட்டி, அதன் அருகே மைக்கை நிறுத்த வேண்டும். கயிறு கொஞ்சம் முனகினாலும் பரவாயில்லை. கருவி பாடகருக்கு ஏற்ப நகர வேண்டும் என்ற இந்தச் சிறு விதியைக் கடைப்பிடிக்க வீடுதான் ஏற்ற இடம்.

தப்புக்கு நேர்மாறான நியாயம். அதை அறைக்குள் பதியவே கூடாது. இஸ்தோப்பு என்னும் முன்திண்ணைக்கு வெளியே, வாசலில், மைக்கை ஐந்தாறு அடி தள்ளி வைக்க வேண்டும். நெருப்பில் காய்ச்சித் தோல் இறுகியதும் அடித்தால் ஒரு நாதம். ஹட்டன் பனியில் சில நிமிடங்கள் நின்றால் தோல் தளர்ந்து இன்னொரு நாதம். அடிக்குச்சி தோலின் நடுவிலும் சிண்டுக்குச்சி விளிம்பிலும் விழுவதால் ஒரே கருவியில் இரண்டு உலகம் கேட்கும். காய்ச்சிய உடனேயும், தளரும் வேளையிலும், ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக இருபது முறை பதிந்து வைத்தால், ஓர் இளைஞர் தன் கணினியில் அமைக்கும் எந்தப் புதுப் பாட்டுக்கும் அது அடித்தளமாகும். இன்று மென்பொருள்களோடு கிடைக்கும் ஆயத்த ஓசைக் களஞ்சியங்களில் உலகத்து முரசுகள் பலவும் இருக்கின்றன. விடியற்காலையில் பெரட்டு என்னும் வேலைக் கூட்டத்துக்கு ஆள் எழுப்பிய இந்தத் தோட்டத்துத் தப்பை நாம் பதிந்தால்தான் உண்டு.

சோற்றுக்கே போராடும் இடத்தில் மைக் ஆடம்பரம் என்ற ஆட்சேபம் வலுவானது. காணியுரிமையும் வீட்டுரிமையும் சம்பளமும் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாட்டும் சம்பளமும் மலையகத்தில் என்றைக்கும் தனித்தனியாக இருந்ததில்லை. கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்து 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார்; தொழிலாளர் நிலையைப் பாடல்களாக எழுதிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டார். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தொழிற்சங்கம் முதலில் ஒரு பாட்டாகவே போய்ச் சேர்ந்தது. கங்காணியின் கடனையும் துரையின் கடுமையையும் சொன்ன பாடல்கள் அன்றைய சம்பளக் கோரிக்கைகளே. அவை எப்படி ஒலித்தன என்று இன்று நம்மால் கேட்க முடியவில்லை. உரிமைப் போராட்டத்தின் வரலாற்றை எழுத முனையும் நாளைய மாணவருக்கு, இன்றைய போராட்டத்தின் ஒலியாவது கிடைக்க வேண்டாமா?

இளைஞர்களுக்கு ராப்பும் சினிமாப் பாட்டும்தானே வேண்டும், கும்மி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ விடை சொல்கிறது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்படித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தேயிலைத் தொழிலாளியான வள்ளியம்மாளின் பேரன் தெருக்குரல் அறிவு. பாட்டியின் நினைவும் ஒப்பாரியின் சாயலும் ராப்பும் சேர்ந்த அவருடைய வரிகள், அவரும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணனின் இசையில் உலகத்தின் காதுக்குப் போயின. பழம்பாட்டு புதுப்பாட்டுக்கு எதிரி என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிட்டது. அந்த ஆண்டு ஓர் இசையிதழ் அட்டையில் அறிவு இடம்பெறாததைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பேர் விழுவதும் விடுபடுவதும் இசையுலகிலும் நடக்கிறது. மலைநாட்டின் துயரம் கடல் கடந்துபோய்ச் சென்னையில் பாட்டாயிற்று. மலையிலேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடமும் அதே சொத்து இருக்கிறது. அதைப் பதிந்து வைத்துக்கொண்டால், அவர்கள் அதிலிருந்து ராப் செய்தாலும் சரி, கும்மியாகவே பாடினாலும் சரி, அது அவர்கள் தெரிவு.

மிகக் கனமான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்தேன். தப்பு ஒரு சாதியின் தோளில் ஏற்றப்பட்ட கடமையாக இருந்தது. இழவு வீட்டில் அடிக்கச் சொல்லி ஏவிய வரலாறு அதற்கு உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ‘நான் தப்பைத் தொடமாட்டேன்’ என்றால், மரபு அழிகிறது என்று அவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பதிவு இன்னொரு ஏவலாக மாறக்கூடாது. அடிக்க விரும்புகிறவருக்கு இசைக்கலைஞருக்குரிய ஊதியமும் பேரும் கொடுத்தே பதிய வேண்டும். ஒப்பாரியும் அப்படித்தான். சாவு நேராத வீட்டில் அதைப் பாடுவது ஆகாது என்று பல பெண்கள் மறுப்பார்கள். அந்த மறுப்பை மூடநம்பிக்கை என்று தள்ளக்கூடாது. வெளியே, ஆற்றங்கரையிலோ மலையிலோ பாட அவர் சம்மதித்தால் அங்கே போக வேண்டும், சம்மதிக்காவிட்டால் மைக்கை அணைத்துவிட வேண்டும். இழவு வீட்டில் ஒளித்துப் பதிவது திருட்டு. இந்த எல்லைகளை வெளியிலிருந்து வரும் ஆய்வாளரைவிட அதே லயத்தில் பிறந்தவர் நன்கு அறிவார். நாளைக்கும் அதே குழாயடியில் முகம் பார்க்க வேண்டியவர் அவர். நான் தொடக்கத்தில் சொன்ன ‘தோட்டத்துக் கை’ என்பதற்கு இதுதான் பொருள்.

பதிந்ததைப் பாதுகாப்பது பதிவதைவிடச் சிறிய வேலையல்ல. நல்ல தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இடம் போதும். ஒரு சிறு பென் டிரைவில் ஒரு கிழவியின் வாழ்நாள் பாட்டு அடங்கும். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே மழையில் போய்விடும். எனவே மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில். பாடியவர் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ போன்ற பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் பேரில்லாத கோப்பு பத்தாண்டில் அநாதையாகும். ‘நாட்டார் பாடல்’ என்ற சொல்லே பாடியவரை மறைக்கும் ஒரு திரை. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டுகளின் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், முன்னோர் வந்த அந்தக் காட்டுப் பாதையில் பேரில்லாமல் விழுந்தவர்களை நினைத்தே நடந்தார்கள். பாட்டிலாவது இனிப் பேர் விடுபடக் கூடாது.

உங்கள் லயத்தில் பாடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருந்தால், கருவி வாங்கும்வரை காத்திராதீர்கள். இன்றிரவே கைப்பேசியை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அவருடைய பேர், தாய் தகப்பன் பேர், தோட்டம், டிவிசன், யாரிடம் அந்தப் பாட்டைக் கற்றார் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். பாட்டு அதற்குப் பிறகு. அங்கே அரைப்பேர் கிடையாது.